பறக்காத விமானங்கள்

நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் குரோம்பேட்டையில், 1949-ல் தன் வீட்டை விற்று எம்.ஐ.டி.யைத் தொடங்கினார் சி. ராஜம். அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் தன்னை இந்தத் துறைக்கு இழுத்தன என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். பின்னாளில் அதே கல்லூரியில் 'தக்ஷா' ஆளில்லா விமானங்களும் உருவாயின.

ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானத்தை அமெரிக்காவின் குட் சகோதரர்கள் 1937-லேயே பறக்கவிட்டார்கள். பால்சா மரத்தில் நான் ஒன்று செய்து முடிக்க அறுபது வயதாகிவிட்டது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரையில் பறக்கவிட்டேன். விமானம் நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது இடம் வலமாகிவிடும். குழம்பிப்போய்க் குச்சியைத் தப்பாகத் தள்ளினேன். மூன்று மாத உழைப்பு கடலில் விழுந்தது.

கரை ஒதுங்கிய இறக்கையைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பேரன் வந்தால் அதன் அடியிலேயே நிற்கிறான். பறக்காத விமானத்துக்கும் வேலை உண்டு.