கணக்கில் ஏறாத கைப்பழக்கம்

வணிகவியல் துறை ஆய்வு மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தன் ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியின் உலகளாவிய போட்டித்திறன் பற்றிய ஆய்வு. நான் தமிழ் கற்பிப்பவள். ஒற்றுப் பிழை பார்க்கத்தான் பேனாவை எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. தொழிலுக்குச் சாதகமானவை என்ற தலைப்பின் கீழ் நூற்பாலைகள், தூத்துக்குடித் துறைமுகம் என்று வரிசையாகப் போய், ஐந்தாவதாக இப்படி எழுதியிருந்தாள்: குறைந்த கூலிக்குக் கிடைக்கும், திறன் தேவைப்படாத பெண் உழைப்பு.

“உங்க அம்மா என்ன வேலை பாக்கறாங்க?” என்று கேட்டேன்.

“பனியன் கம்பெனில செக்கிங் மேம். பதினாறு வருசமா.”

“அந்த இடத்துல புதுசா ஒருத்தரை உட்கார வெச்சா?”

“ஆறு மாசத்துக்குத் துணியையே பாத்துட்டு இருப்பாங்க. ஓட்டை கண்ணுல படாது” என்று சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவள் பார்வை தானாகவே அட்டவணைக்குப் போயிற்று.

அந்த வரி அவளுடைய சொந்த வரி அல்ல. பாடநூல்களிலிருந்து வந்தது. பன்னாட்டு வணிகம் என்ற ஆய்வுத்துறை எதைத் திறன் என்று எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்று அன்றிலிருந்து தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் என்னை முதலில் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு பெண்ணிடம்: எடித் பென்ரோஸ்.

1914இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். 1936இல் பெர்க்லியில் பொருளியல் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், வேட்டைக்குப் போன இடத்தில் கணவர் சுடப்பட்டு இறந்தார். அப்போது எடித் கருவுற்றிருந்தார். அடுத்த ஆண்டு ஜெனீவாவுக்குச் சென்று, உலகத் தொழிலாளர் அமைப்பில் தம் முன்னாள் ஆசிரியரான எர்னஸ்ட் பென்ரோஸிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். பின்னாளில் அவரையே மணந்தார். போர் முடிந்த பிறகுதான், முப்பது வயதைக் கடந்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குள் வந்தார். காப்புரிமைகள் நாடுகளுக்கிடையே எப்படிச் செயல்படுகின்றன என்பது ஆய்வுப் பொருள். 1951இல் அது நூலாக வந்தது.

அதன்பின் தொழில் நிறுவனங்களின் வளர்ச்சி பற்றிய ஆய்வு ஒன்றில் சேர்ந்தார். 1954இல் ஹெர்குலிஸ் பவுடர் கம்பெனி என்ற வெடிமருந்து நிறுவனத்துக்குள் சில வாரங்கள் இருந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. வெடிமருந்தில் தொடங்கிய நிறுவனம் வேதிப்பொருள்களுக்கு நகர்ந்திருந்தது. அது ஏன், எப்படி நகர்ந்தது என்று அங்கே வேலை செய்தவர்களிடமே கேட்டார். அன்றைய பொருளியல் நூல்களில் ‘நிறுவனம்’ என்பது பெரும்பாலும் ஒரு வளைகோடு. இவ்வளவு விலை விற்றால் இவ்வளவு உற்பத்தி என்ற வரைபடம். அந்தக் கோட்டுக்குள் ஆட்கள் கிடையாது. எடித் அங்கே ஆட்களைப் பார்த்தார்.

1959இல் வெளியான ‘நிறுவன வளர்ச்சிக் கோட்பாடு’ என்ற அவருடைய நூலின் மையக் கருத்தை எளிதாகவே சொல்லிவிடலாம். நிறுவனம் என்பது வளங்களின் தொகுப்பு: இயந்திரம், நிலம், மனிதர்கள். ஆனால் வளம் வேறு, அந்த வளத்திலிருந்து பெறும் பயன் வேறு. ஒரே இயந்திரம் இரண்டு நிறுவனங்களில் இரண்டு விதமாகப் பயன்படும். அதைக் கையாளும் மனிதர்களின் அனுபவமே அந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. அனுபவத்தைச் சந்தையில் வாங்க முடியாது. சேர்ந்து வேலை செய்வதால் மட்டுமே அது விளையும். அதனால்தான் ஒரு நிறுவனம் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் நினைத்த வேகத்தில் வளர முடிவதில்லை. புதிதாக வருபவர், ஏற்கெனவே இருப்பவர்களோடு பழகி வேலையைக் கற்றுக்கொள்ள நாள் ஆகும். அந்த நாள்களே வளர்ச்சியின் எல்லை. நம் ஊரில் எந்தச் சமையற்கட்டிலும், எந்த நடவு வயலிலும் பெண்கள் அறிந்த உண்மை இது. பொருளியலில் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தவர் எடித்.

நூல் வெளிவரும்போது அவர் அமெரிக்காவில் இல்லை. மெக்கார்த்தி காலத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் ஓவன் லாட்டிமோர் மீது கம்யூனிஸ்ட் என்று பழி சுமத்தப்பட்டபோது, அவர் தரப்பில் நின்றவர்களில் பென்ரோஸ் தம்பதியரும் இருந்தார்கள். அந்தக் கசப்போடு நாட்டைவிட்டு வெளியேறினார்கள். முதலில் ஆஸ்திரேலியா, பிறகு பாக்தாத். 1958இல் ஈராக்கில் புரட்சி வந்தபின் அங்கேயும் இருக்க முடியவில்லை. பாலைவனத்தைக் காரிலேயே கடந்து, துருக்கி வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த அலைச்சலே அவரைப் பன்னாட்டு நிறுவனங்களின் பக்கம் திருப்பியது. ஆஸ்திரேலியாவில் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஹோல்டன் கார் கம்பெனியைப் பற்றி அப்போது பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து முதலில் வந்த பணம் சிறியது. ஆஸ்திரேலியாவில் கிடைத்த லாபத்தை அங்கேயே மீண்டும் மீண்டும் போட்டுக் கம்பெனி பெரிதாக வளர்ந்தது. வளர்ந்தது முழுவதும் இப்போது அமெரிக்க உரிமையாளருடையது. இது நியாயமா என்பது கேள்வி. அயல்நாட்டு முதலீட்டைப் பணம் எல்லை தாண்டுவதாக மட்டும் பார்த்தால் இது புரியாது. ஒரு நிறுவனம் எல்லை தாண்டி வளர்வதாகப் பார்க்க வேண்டும் என்று 1956இல் ஒரு கட்டுரையில் எடித் விளக்கினார். பன்னாட்டு நிறுவன ஆய்வின் தொடக்கம் என்று பாடநூல்கள் வழக்கமாகக் காட்டுவது, ஸ்டீபன் ஹைமர் எம்.ஐ.டி.யில் 1960இல் அளித்த ஆய்வேட்டை. எடித்தின் கட்டுரை அதற்கு நான்கு ஆண்டு மூத்தது.

ஈராக் அவருக்கு எண்ணெயைக் காட்டியது. 1964இல் லண்டனில் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். நான்கு ஆண்டுகள் கழித்து, வளரும் நாடுகளில் எண்ணெய் நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று நூல் எழுதினார். எண்ணெய் எடுக்கும் கிளை, கப்பலில் ஏற்றும் கிளை, சுத்திகரிக்கும் கிளை எல்லாம் ஒரே கம்பெனி. தன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு விற்கும் விலையைத் தானே எழுதிக்கொள்கிறது. அப்படியானால் எந்த நாட்டில் எவ்வளவு லாபம் என்பதைத் தீர்மானிப்பது சந்தையா, கணக்குப் புத்தகமா? மண்ணைக் கொடுத்த நாட்டுக்குக் கிடைக்கும் பங்கு எதைப் பொறுத்தது? இவை அவர் எழுப்பிய கேள்விகள்.

1996இல் அவர் இறக்கும்போது மேலாண்மைக் கல்வி அவரைத் தன் முன்னோடியாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. 1984இல் பிர்கர் வெர்னர்ஃபெல்ட் எழுதிய கட்டுரையிலிருந்து, ‘வளம் சார்ந்த பார்வை’ என்ற தனிக் கிளையே எழுந்தது. நிறுவனத்துக்குள் இருக்கும் அரிய அறிவே போட்டியில் அதன் பலம் என்பது அதன் சாரம். 1990இல் மைக்கேல் போர்ட்டர் பத்து நாடுகளை ஆராய்ந்து நாடுகளின் போட்டித்திறன் பற்றிப் பெரிய நூல் எழுதினார். போட்டித்திறன் என்ற சொல் அரசுகளின் நாவில் ஏறியது. எடித்தின் வளக் கோட்பாட்டை மேலாண்மை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். லாபம் யாருக்குப் போகிறது என்று அவர் கேட்டதை அந்த அளவுக்குப் படிப்பதில்லை.

எடித்தின் கோட்பாட்டிலும் ஓர் இடைவெளி உண்டு. அவர் அனுபவம் என்று பேசும்போது பெரிதும் மேலாளர்களின் அனுபவத்தையே பேசுகிறார். வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிப்பது நிர்வாகக் குழுவின் அறிவு. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவளின் அறிவு எந்தக் கணக்கில் வரும்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வேறு இரண்டு பெண்கள். டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் ‘ஃபெமினிஸ்ட் ரிவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏற்றுமதிக்கென்றே ஏழை நாடுகளில் ஆலைகள் முளைத்த காலம் அது. கீழை நாட்டுப் பெண்களின் கைகள் இயல்பிலேயே சிறியவை, வேகமானவை என்று மலேசிய அரசின் விளம்பர ஏடு முதலீட்டாளர்களை அழைத்தது. எல்சனும் பியர்சனும் அந்த ‘இயல்பிலேயே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். சிறுமியாக இருக்கும்போதே தாயிடமும் வீட்டுப் பெண்களிடமும் தையலும் பின்னலும் கற்ற கைகள் அவை. ஆண்டுக்கணக்கான பயிற்சி அது. ஆனால் வீட்டுக்குள் நடந்ததால், யாரும் சான்றிதழ் தராததால், அதைப் பயிற்சி என்று எவரும் எண்ணவில்லை. பயிற்சி மறைந்ததும் திறன் பிறவிக் குணமாகிவிட்டது. பிறவிக் குணத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

எது பழக்கத்தால் வருவது, எது பிறவியில் வருவது என்று பிரித்துச் சொல்லும் தனிப்பாடல் ஒன்று ஔவையார் பெயரில் நம்மிடம் வழங்குகிறது. சித்திரத்தை அது பழக்கத்தின் பக்கம்தான் வைக்கிறது. தையலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நமக்கு ஐயம் இருக்க வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1982இல், மரியா மீஸ் ஆந்திராவின் நரசாபுரத்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதிய நூல் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்த தொழில் அது. பெண்கள் வீட்டு வேலைக்கு மேல் நாளொன்றுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை பின்னினார்கள். பின்னியது கடல் கடந்து போயிற்று. வணிகம் செய்தவர்கள் ஆண்கள். பின்னியவர்களோ ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் குடும்பப் பெண்கள் என்று கருதப்பட்டார்கள். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்தவர்கள், உழைப்பாளர்கள் என்ற பெயரைக்கூடப் பெறவில்லை.

திருப்பூருக்குத் திரும்புவோம். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல் அந்த ஊரின் முதலாளிகளைப் பற்றியது. அவர்களில் பலர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளில் தொழிலாளிகளாக இருந்து, பின் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியவர்கள். உங்கள் மூலதனம் எது என்று கேட்டால் உழைப்பு என்று சொன்னவர்கள். இயந்திரத்தின் முன் நின்று கற்ற அனுபவமும், சாதி, உறவுக் கட்டும் சேர்ந்து அவர்களை மேலே ஏற்றின. எடித் சொன்ன வளம் இதுதானே என்று படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். அதே கூரையின் கீழ், ஏற்றுமதி பெருகப் பெருக, பெண்கள் திரளாக வேலைக்கு வந்தார்கள். அவர்களும் உழைத்தார்கள், அவர்களும் கற்றார்கள். ஆணின் அனுபவம் மூலதனமாயிற்று. பெண்ணின் அனுபவம் மலிவு உழைப்பு என்ற பெயரில் அட்டவணையின் ஐந்தாம் வரிக்குப் போயிற்று.

பழியை அந்த மாணவியின் மேல் போட முடியாது. ஒரு துறையின் சொற்களைக் கற்றால்தான் அந்தத் துறைக்குள் நுழைய முடியும். நுழைந்த பிறகு, தன் தாயை எந்தச் சொல்லால் எழுதுகிறோம் என்று நின்று பார்க்க நேரம் கிடைப்பதில்லை. தமிழிலக்கிய ஆய்வில் நானும் அப்படித்தான் இருந்தேன். பெண்பாற் புலவர்கள் என்று தனி அத்தியாயம் ஒதுக்கிவிட்டு, மற்ற அத்தியாயங்களில் ‘புலவர்’ என்றால் ஆண் என்றே எழுதிக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் மீண்டும் வந்தாள். ஐந்தாம் வரியை இரண்டாகப் பிரித்திருந்தாள். ‘நீண்ட அனுபவத்தால் துணியின் குறையைக் கண்டறியும் பெண் தொழிலாளரின் திறன்’ என்பது சாதகங்களின் பட்டியலில் இருந்தது. ‘குறைந்த கூலி’ என்ற இரண்டு சொல் மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டுத் தனியே நின்றது.

“இதை எங்க போடறதுன்னு தெரியல மேம்” என்றாள். “சாதகம்னு போட்டா, யாருக்குன்னு எழுதணும் இல்லீங்களா?”

நெறியாளரிடம் கேட்கச் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அன்று மாலை வரை நாங்கள் ஒற்றுப் பிழையைப் பார்க்கவே இல்லை.