கரைப்பறவை ஒளிப்படக்கலை

கரைப்பறவை ஒளிப்படக்கலை என்பது கடற்கரை, உப்பளம், சேற்றுவெளி, ஏரிக்கரை ஆகிய இடங்களில் நீரின் விளிம்பில் இரைதேடும் பறவைகளைப் படம்பிடித்து, அப்படங்களைச் செம்மைப்படுத்தும் கலை ஆகும். இது இயற்கை ஒளிப்படக்கலையின் ஒரு பிரிவாகும். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், பவளக்காலி, பச்சைக்காலி, ஆள்காட்டி முதலியன கரைப்பறவைகள் ஆகும். இவற்றுள் பல இனங்கள் உருவிலும் நிறத்திலும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒரு தெளிவான படம் இனங்காண்பதற்குரிய சான்றாகவும் பயன்படுகிறது.

இடமும் காலமும்

தமிழ்நாட்டில் இக்கலைக்கு ஏற்ற முதன்மையான இடம் நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள கோடியக்கரை ஆகும். இது 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வலசை வரும் பறவைகள் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே திரும்புகின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் ஆகிய ஊர்கள் பாக்கு விரிகுடாக் கரையில் அமைந்துள்ளன. இங்கு கடலின் ஏற்றவற்றம் சிறியது. எனவே நீர்விளிம்பு காற்றினாலும் இடம் மாறும். இதே மாவட்டத்தின் வல்லத்திராக்கோட்டை போன்ற உள்நாட்டு ஊர்ப்பகுதிகளில், வடகிழக்குப் பருவமழையில் நிறையும் ஏரிகளும் கண்மாய்களும் வற்றத் தொடங்கும்போது வெளிப்படும் சேற்று விளிம்புகள் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் ஏற்ற இரைத்தளங்கள் ஆகும்.

படம்பிடித்தல்

நின்றபடி எடுக்கும் படத்தில் பறவையின் பின்னணியாகச் சேறே அமையும். தரையில் படுத்து, ஒளிப்படக்கருவியைப் பறவையின் கண்மட்டத்தில் வைத்தால், பின்னணி தொலைவில் மங்கிப் பறவை தனித்துத் தெரியும். மண் அல்லது தானியம் நிரப்பிய சிறு பை கருவியைத் தாங்கப் போதுமானது. 400 முதல் 600 மில்லிமீட்டர் வரை குவியத் தொலைவு கொண்ட வில்லைகள் பயன்படுத்தப்படுகின்றன. நடக்கும் பறவைக்கு ஏறத்தாழ 1/1000 நொடியும், பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி அல்லது அதனினும் குறைந்த நேரமும் சட்டர் வேகமாகக் கொள்ளப்படுகின்றன.

கருஞ்சேற்றின் மேல் நிற்கும் வெண்ணிற வயிற்றுப் பறவையைப் படம்பிடிக்கும்போது, கருவி இருண்ட பரப்பைக் கணக்கிட்டு ஒளியைக் கூட்டிவிடுவதால் வெண்சிறகுகளின் நுண்விவரம் அழிந்துவிடலாம். இதைத் தவிர்க்க ஒளியளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று தொலைவுப் படங்களைக் குழப்பும். இக்குறையை எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்க இயலாது. ஆகவே காலை நேரமே சிறந்தது.

நெறிமுறைகள்

வலசைப் பறவைகள் நெடும்பயணத்திற்குத் தேவையான கொழுப்பை இரைத்தளங்களிலேயே சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அவை ஆற்றலையும் உண்ணும் நேரத்தையும் இழக்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல் வளைமூக்கு உள்ளானை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியது. பறவை இரைதேடுவதை நிறுத்தித் தலையை உயர்த்தினால், ஒளிப்படக்காரர் முன்னேறுவதை நிறுத்த வேண்டும். ஓரிடத்தில் அசையாது காத்திருந்து, பறவை தானே நெருங்கி வர விடுவது சிறந்த முறையாகும். ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான் ஆகியன திறந்த தரையில் முட்டையிடுபவை. தாய்ப்பறவை விலகினால் முட்டைகள் வெயிலில் கெட்டுவிடும் என்பதால் கூடுகளை நெருங்குதல் கூடாது. சரணாலயங்களில் வனத்துறையின் விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

படங்களைச் செம்மைப்படுத்தல்

கருவி பதிவுசெய்யும் மூலக்கோப்பிலிருந்து தொடங்குவது நல்லது. சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்பில் திருத்தத்திற்கான இடம் குறைவு. பொதுவான வரிசை பின்வருமாறு:

1. அடிவானத்தை நேராக்கிப் படத்தை வெட்டுதல்
2. வெண்சமநிலையையும் ஒளியளவையும் திருத்துதல்
3. இரைச்சலைக் குறைத்தல்
4. இறுதி அளவிற்கு மாற்றியபின் கூர்மையாக்குதல்

இரைச்சலைக் குறைக்காமல் கூர்மையாக்கினால் புள்ளிகளும் கூர்மையாகிவிடும். மிகையாக இரைச்சலை நீக்கினால் சிறகின் வரிகள் மறையும்.

அலகின் வடிவம், கால்களின் நிறம், சிறகோரங்களின் நிறம் ஆகியன இனங்காணும் அடையாளங்கள்; இவற்றை மாற்றும் திருத்தங்கள் சான்றைக் கெடுக்கும். சான்றாக, கோடியக்கரையில் முன்னர்ப் பதிவான, மிக அருகிய இனமான கரண்டிமூக்கு உள்ளானின் அலகு பக்கவாட்டில் நோக்கும்போது கரண்டிபோலத் தெளிவாகத் தெரிவதில்லை. அத்தகைய படத்தில் அலகின் நுனியைக் கூர்மையாக்கியோ வரைந்தோ திருத்தினால், அரிய பதிவு ஒன்று ஐயத்திற்கு இடமாகிவிடும். ஆய்வாளர்கள் பறவைகளின் கால்களில் இடும் வளையங்கள், வண்ணக்கொடிகள் ஆகியவற்றின் எழுத்துகளையும் படத்திலிருந்து படிக்க இயலும். எனவே திருத்திய படத்துடன் மூலக்கோப்பையும், எடுத்த நாள், இடம் ஆகிய விவரங்களையும் பாதுகாத்தல் வேண்டும்.