பிரெஞ்சு, கன்னடம்: நமக்கு எந்த மொழி பக்கம்? எங்கெல்லாம் பேசுறாங்க?

ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கீழ்புத்துப்பட்டு வழியா தெற்கே போனால் கொஞ்ச நேரத்தில் காலாப்பட்டு வந்துவிடும். அது புதுச்சேரி. இன்னும் கொஞ்சம் போனால் தெருப்பெயர்ப் பலகையில் 'ரூ' என்று பிரெஞ்சு எட்டிப் பார்க்கும். தூரத்தில் பார்த்தால் பிரெஞ்சு பக்கம்தான். ஆனால் மொழியில்?

சொந்தம் எது?

கன்னடம் தமிழைப் போலவே தென் திராவிட மொழி. பால் அங்கே 'ஹாலு', புலி 'ஹுலி', பத்து 'ஹத்து'. நம்ம 'ப' பல இடங்களில் அங்கே 'ஹ' ஆகிவிட்டது, அவ்வளவுதான். வாக்கிய அமைப்பும் ஒன்றுதான்: 'நானு அன்ன தின்னுத்தேனெ'.

பிரெஞ்சு, லத்தீனில் இருந்து பிறந்த மொழி. அதில் வினைச்சொல் நடுவில் வரும்: 'நான் சாப்பிடுகிறேன் சோறு' என்பது போல. உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்!

எத்தனை பேர் பேசுறாங்க?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 4.37 கோடி. பிரெஞ்சு பேசுவோர் உலகம் முழுக்க சுமார் 32 கோடி என்கிறது 2022ஆம் ஆண்டு மதிப்பீடு. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. பிரெஞ்சுக் கணக்கில், அதை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களும் சேர்த்தி. பிரான்ஸ், பெல்ஜியம், கனடாவின் கியூபெக், காங்கோ, செனகல் என்று அது பரவியதற்குக் காலனி ஆட்சி முக்கியக் காரணம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிமொழியா?

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. 1965 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், ஆங்கிலம், மாஹேவுக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு என்று சொன்னது. அந்தப் பட்டியலில் பிரெஞ்சு இல்லை. ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டும் போடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கன்னடம்?

2011 கணக்குப்படி இங்கே கன்னடத் தாய்மொழிக்காரர்கள் சுமார் 12.8 லட்சம் பேர். தாளவாடி, ஓசூர், தளி பக்கம் அதிகம். இவர்களுக்கு மொழி என்பது பொது அறிவுக் கேள்வி இல்லை, பரீட்சை விஷயம். 2006 தமிழ் கற்றல் சட்டப்படி 10ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போய், சில ஆண்டுகளுக்குத் தமிழ்த் தாளில் இருந்து விலக்கு வாங்கினார்கள். பிளஸ் 1 போனதும் மார்க்குக்காக பிரெஞ்சு எடுக்கிற மாணவருக்கு அது விருப்பப் பாடம். தாளவாடிப் பிள்ளைக்குக் கன்னடம் வீட்டு மொழி.

சுருக்கமா சொன்னால், பக்கத்து ஊரில் இருப்பது தூரத்து மொழி. தூரத்து மாவட்டத்தில் இருப்பது நம்ம பங்காளி மொழி.