எபோனைட் மைப்பேனா

கெட்டி ரப்பர் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்யப்படும் ஊற்றுப் பேனா எபோனைட் மைப்பேனா. இயற்கை ரப்பருடன் எடையில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ கந்தகம் கலந்து நெடுநேரம் சூடேற்றினால், அது கருங்காலி மரம்போல் கறுத்து இறுகி எபோனைட் ஆகிவிடும். மையின் அமிலம் இதை அரிப்பதில்லை. அதனால் 1884இல் வாட்டர்மன் ஊற்றுப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்ற காலம் முதல் 1920கள் வரை பேனாக்கள் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் உருவாயின. பிறகு மேலைநாடுகள் செல்லுலாய்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறிவிட்டன.

இந்தியாவில் இந்தக் கைத்தொழில் நின்றுவிடவில்லை. ராஜமுந்திரியில் செய்த ரத்னம் பேனா ஒன்று, தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியின் கைக்குப் போனது. அதற்கு நன்றி கூறி 1935இல் அவர் எழுதிய கடிதம் சுதேசித் தொழில் வரலாற்றில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் சென்னையின் காமா, திருவள்ளூரின் ரங்கா ஆகிய பேனாக்களை ஆர்வலர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

பெரும்பாலும் இவற்றுக்குள் ரப்பர்ப் பையோ மை உறிஞ்சும் குழலோ கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் பேனாவின் உடலுக்குள்ளேயே மை ஊற்ற வேண்டும். 2 மில்லிலிட்டருக்கும் கூடுதலாகவே பிடிக்கும். மாற்றக்கூடிய உறிஞ்சுகுழலில் இதில் பாதிகூடப் பிடிக்காது. நிப்புக்கு அடியிலுள்ள கட்டையின் நுண்ணிய பள்ளங்கள் வழியே மை தானாக ஊர்ந்து நுனிக்கு வருகிறது. வெளியேறிய மையின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகிறது. காற்றுக்கும் மைக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கல் சீராக இருந்தால்தான் எழுத்து தடைபடாமல் ஓடும். கட்டையையும் எபோனைட்டிலேயே கடைவது நல்லது, ஏனெனில் அதன் பரப்பில் மை நன்றாகப் பரவும். மை குறையும்போது உள்ளே காற்று மிகுந்துவிடும். கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ள, தாளில் சொட்டு விழும். எபோனைட் சூட்டை எளிதில் கடத்தாது என்பதால் இந்தத் தொல்லை ஓரளவு மட்டுப்படுகிறது. கால் பங்கு மை மிஞ்சியிருக்கும்போதே மீண்டும் நிரப்பிவிடுவதே சரியான பழக்கம்.

பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுத வேண்டும். மைப்பேனாவுக்குத் தாளைத் தொட்டாலே போதும். சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இது பெரிய வசதி. ‘ஐ’, ‘ணு’ போன்றவற்றைக் கை சோராமல் ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். சிறிய சுழிகள் அடைபடாதிருக்க மெல்லிய நிப்பும், மை கசியாத தாளும் வேண்டும்.

பேனாவில் சாயக்கரைசல் மைகளையே நிரப்ப வேண்டும். அரக்குக் கலந்த ஓவிய மை உள்ளே காய்ந்து, வழியை அடைத்துவிடும். வெயிலில் நெடுநாள் கிடந்தால் எபோனைட் பழுப்பேறும். வெந்நீர் பட்டாலும் நிறம் மங்கும். அதனால் மையின் நிறத்தை மாற்றும்போது குளிர்ந்த நீரில் மட்டுமே கழுவ வேண்டும்.