வெளியே நின்ற அணி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பிளே-ஆஃப் விரிந்த வரலாறு

முன்னுரை

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் பல்கலைக்கழக அணிகளின் உயர்பிரிவு மிகப் பெரியது. நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் ஆடும் இப்பிரிவில் ஓர் அணிக்கு வழக்கமாகக் கிடைப்பவை 12 ஆட்டங்களே. எல்லாரும் எல்லாருடனும் மோத வழியில்லை. கல்லூரிக் கூடைப்பந்துக்குச் சாம்பியன் பட்டம் வழங்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பும் இப்பிரிவுக்கு மட்டும் பட்டம் வழங்குவதில்லை. ஆகவே, யார் சிறந்தவர் என்பது நெடுங்காலம் கருத்தாகவே இருந்தது. 2024இல் 12 அணிகளாக விரிந்த பிளே-ஆஃப் (தோற்றவர் வெளியேறும் இறுதிக்கட்டப் போட்டி) இன்னும் விரிய வேண்டுமா என்பது இன்றைய விவாதம். ஒவ்வொரு முறையிலும் வாசலுக்கு வெளியே நின்ற அணி எது என்று பார்த்து அதற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

1. விழா ஆட்டங்களின் காலம்

1902 சனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில், ரோஜா விழாவின் பகுதியாக, மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49-0 என வென்றது. பின்னாளில் ‘ரோஸ் பவுல்’ எனப் பெயர் பெற்ற இந்த ஆட்டத்தின் வெற்றியைக் கண்டு, 1930களில் மயாமி, நியூ ஓர்லியன்ஸ், டாலஸ் நகரங்களும் தத்தம் பவுல் ஆட்டங்களைத் தொடங்கின. குளிர்காலத்தில் வெளியூர்க் கூட்டத்தை வரவழைப்பதே நோக்கம். சாம்பியனைக் கண்டறிவது அன்று.

அந்த வேலை செய்தியாளர்களிடம் போயிற்று. அசோசியேட்டட் பிரஸ் 1936 முதல் வாக்கெடுப்பு நடத்தித் தரவரிசை வெளியிட்டது. 1960களின் நடுப்பகுதி வரை, பவுல் ஆட்டங்கள் நடக்கும் முன்பே அதன் இறுதி வாக்கு முடிந்துவிடும். போதாக்குறைக்கு, ரோஸ் பவுலில் யார் ஆடுவது என்பதை 1947 ஆட்டம் முதல் இரு கூட்டமைப்புகளுடன் (தமக்குள் ஆடும் பல்கலைக்கழக அணிகளின் குழுக்கள்) செய்த ஒப்பந்தம் தீர்மானித்தது. முதலிடத்து அணியும் இரண்டாமிடத்து அணியும் களத்தில் சந்திக்காமலே பல பருவங்கள் கழிந்தன.

இத்தனைக்கும், ஒரு படி கீழுள்ள பிரிவில் 1978லேயே 4 அணிகளுடன் பிளே-ஆஃப் தொடங்கி, 2013இல் 24 ஆக வளர்ந்துவிட்டது. நாட்காட்டியும் தேர்வுகளும் இரு பிரிவுக்கும் ஒன்றே; ஆகவே தடை அவை அல்ல. உயர்பிரிவைத் தடுத்துவைத்தது பவுல் ஆட்டங்களின் வருமானமும் பழைய ஒப்பந்தங்களும்தான்.

2. இருவருக்கு மட்டும்

1997 பருவத்தில் செய்தியாளர்கள் மிச்சிகனையும் பயிற்சியாளர்கள் நெப்ராஸ்காவையும் சாம்பியன் என்றனர். மறு ஆண்டே ரோஸ் பவுலும் இணைய, பி.சி.எஸ். முறை வந்தது. வாக்குகளையும் கணினிக் கணக்கையும் கூட்டி முதல் இரு அணிகளை மோதவிடுவது அதன் ஏற்பாடு. 2004இல் அதன் குறை அம்பலமாயிற்று. ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்ற ஆபர்ன் அணிக்கு இறுதி ஆட்டத்தில் இடமில்லை; தோல்வியே காணாத வேறு இரு அணிகள் முன்னால் நின்றன. அந்த அணி செய்த பிழை என்று எதுவும் இல்லை.

3. நான்கு நாற்காலிகள்

2014 பருவத்தில் 4 அணிப் பிளே-ஆஃப் தொடங்கியது. தேர்வு ஒரு குழுவின் கைக்குப் போனது. நான்காம் இடத்தில் நுழைந்த ஒஹாயோ ஸ்டேட் முதல் ஆண்டிலேயே பட்டத்தை வென்றது. இரண்டே அணி என்ற விதி எத்தகைய அணியை வெளியே நிறுத்தியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் 2023இல் பழைய கதை திரும்பியது. ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களிலும் வென்று, தன் கூட்டமைப்பின் பட்டத்தையும் பெற்றிருந்தது. அதன் முதன்மைக் குவார்ட்டர்பேக் (தாக்குதல் ஆட்டத்தை நடத்தும் வீரர்) காயமுற்றதைக் கணக்கில் கொண்ட குழு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவைத் தேர்ந்தது. களத்தில் பெற்ற வெற்றியை அறைக்குள் செய்த அனுமானம் வென்றது.

4. பன்னிரண்டும் அதற்கு அப்பாலும்

2024இல் கூட்டமைப்புச் சாம்பியன்களுள் தரவரிசையில் முதல் ஐவருக்கு உறுதியான இடம் கிடைத்தது. பிளே-ஆஃபில் எட்டாம் இடத்தில் நுழைந்த ஒஹாயோ ஸ்டேட் பட்டம் வென்றது. முதல் சுற்றில் ஓய்வு பெற்ற நான்கு அணிகளுமே தம் முதல் ஆட்டத்தில் வீழ்ந்தன. அவ்வாண்டு உரக்க எழுந்த முறையீடு அலபாமாவுடையது. அது மூன்று முறை தோற்றிருந்தது.

விரிவாக்கம் பூசலை ஒழிக்கவில்லை. ஆனால் அதன் கனத்தைக் குறைத்திருக்கிறது. 2004இலும் 2023இலும் முறையிட்டவர் தோற்காதவர். 2024இல் மும்முறை தோற்றவர். முன்னது அநீதி, பின்னது மனக்குறை.

இதற்கு மேலும் 16, 24 என்று எழும் யோசனைகளை இந்த வேறுபாட்டை வைத்தே நிறுக்க வேண்டும். தொலைக்காட்சி நிறுவனமான ஈ.எஸ்.பி.என். 2024இல் ஆறாண்டுக்கு ஒப்புக்கொண்ட ஒளிபரப்புத் தொகை ஏறத்தாழ 780 கோடி டாலர். ஆட்டங்கள் கூடினால் விற்பதற்குச் சரக்கும் கூடும். சுமையோ மாணவர் உடலுக்கு. 2024 பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட் ஆடியவை 16 ஆட்டங்கள்.

முடிவுரை

இரண்டிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து பன்னிரண்டுக்கும் போனதற்கு ஒரு நியாயம் இருந்தது: பெரிய கூட்டமைப்பு ஒன்றில் தோற்காமல் வென்ற அணி வெளியே நின்றது. பன்னிரண்டில் அந்த நிலை அநேகமாகத் தீர்ந்தது. எஞ்சியிருப்பது சிறு கூட்டமைப்புகளில் தோற்காமல் நிற்கும் அணிகளின் வழக்கு. அதைத் தீர்க்க நுழைவு விதியைத் திருத்தினால் போதும். நாற்காலிகளைக் கூட்டி மூன்று முறை தோற்றவர்களை அமர்த்தினால், வாசலில் நான்கு முறை தோற்றவர்கள் வந்து நிற்பார்கள்.