விரலும் நடக்கும் பாதை

கி.மு. 1200 வாக்கில் கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் ஆட்டுக் கணக்கு எழுதிய ஒருவர், களிமண் பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தில் சதுரமாக ஒரு சுற்றுப்பாதையைக் கீறினார். சில காலத்தில் அரண்மனை தீக்கிரையானது. அந்தத் தீயில் வெந்து இறுகியதால்தான் பச்சைக் களிமண் பலகை நம் காலம்வரை தப்பியது. லாபிரிந்து எனப்படும் இவ்வகைச் சுற்றுப்பாதைகளில், காலம் உறுதியாகத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது அதுதான். சிறுவர் இதழ்களில் முயலைக் கேரட்டிடம் சேர்க்கச் சொல்லும் புதிர் வேறு, இது வேறு. இங்கே முட்டுச்சந்து கிடையாது. வளைந்து வளைந்து போனாலும் ஒரே வழி, அது நடுவில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இது இவ்வளவு தூரம் பரவியதற்கு வரையும் முறை எளிது என்பதே முதல் காரணம் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கோணம், ஒவ்வொரு புள்ளி. பிறகு முனைகளை வரிசையாக வளைத்து இணைக்க வேண்டியதுதான். புள்ளிக் கோலம் போல, ஒருமுறை பார்த்த கை மறக்காது. கிரீட் தீவின் நோசோஸ் நகரம் இதை நாணயத்தில் அச்சடித்தது. காசு போன இடமெல்லாம் பாதையும் போயிற்று. ரோமர்கள் வீட்டுத் தரைகளில் வண்ணக் கற்களால் பதித்தார்கள்.

நம் பக்கத்தில் அது கோட்டையாகவும் வியூகமாகவும் மாறியது. ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயில் சுவரில் அபிமன்யு நுழையும் சக்கரவியூகம் இப்படிப்பட்ட சுற்றுப்பாதையாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே, 1030 வாக்கில், இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இராவணனின் இலங்கைக் கோட்டையை இதே வடிவில் வரைந்து காட்டினார். பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் தரையிலேயே ஒரு பெரிய சதுரப் பாதை இருக்கிறது.

ஐரோப்பாவில் தேவாலயங்கள் இதை எடுத்துக்கொண்டன. எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியின் லூக்கா பேராலயத்தில் இருப்பது. அது முகப்பு மண்டபத் தூணில், கைக்கு எட்டும் உயரத்தில் செதுக்கியது. கால் நடக்க முடியாது, விரல்தான் நடக்க வேண்டும். நடுவில் இருந்த கிரேக்கக் கதை வீரன் தீசியஸ், எருதுத்தலை அரக்கன் மினோட்டார் உருவங்கள் நூற்றாண்டுக்கணக்கில் விரல்கள் உரசியே தேய்ந்துவிட்டன. பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் பாதை தரையில். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, 11 சுற்று. குறுக்களவு 13 மீட்டருக்குள்தான், ஆனால் நடக்க வேண்டிய தூரம் சுமார் 260 மீட்டர். ரேம்ஸ் நகரத்துப் பேராலயத்தில் குழந்தைகள் பாதையில் ஓடியாடிப் பூசையைக் குலைத்ததால் 1779இல் அதைப் பெயர்த்தே எறிந்தார்கள். இன்று பிரான்சின் வரலாற்றுச் சின்னங்களுக்கு அடையாளமாக வைத்திருப்பது அந்த ரேம்ஸ் வடிவத்தைத்தான்.

ஷார்த்ரின் பாதை நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. 1991இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தைச் சேர்ந்த லாரன் ஆர்ட்ரஸ் அங்கே போய், நாற்காலிகளை நகர்த்திவிட்டு நடந்தார். ஊர் திரும்பியதும் கித்தான் துணியில் அதே பாதையை நகலெடுத்து விரித்தார்கள். அதன் நகல்கள் மருத்துவமனை முற்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் போயின. நடக்க முடியாதவர்களுக்காக மரப்பலகையில் பள்ளம் தோண்டிய விரல் பாதைகளும் வந்தன.

2013இல் லண்டன் சுரங்க ரயிலின் 150ஆம் ஆண்டுக்காக, ஓவியர் மார்க் வாலிஞ்சர் அன்றிருந்த 270 நிலையங்களுக்கும் ஒவ்வொரு எனாமல் பலகை செய்தார். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொன்றும் வேறு வேறு பாதை. நுழைவாயிலில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பலகைகளின் வரிசை எண், 2009இல் எல்லா நிலையங்களையும் மிக வேகமாகச் சுற்றிச் சாதனை படைத்த பயணத்தின் வரிசை. ஆனால் பலகை கேட்பது நிதானத்தை. லண்டன் போகிறவர்கள் நிலையச் சுவரில் அதைத் தேடுங்கள். தொட்டுப் பார்ப்பதற்கென்றே செய்தது அது. ரயில் வர இரண்டு நிமிடம் இருந்தாலும் போதும், சிவப்புக் குறியில் விரலை வைத்துத் தொடங்குங்கள்.