பிணைக்கு யார் நிற்பது?

இலங்கையில் ஏழைகளிடம் வங்கியைக் கொண்டுசென்ற அரச முயற்சிகளைப் பற்றி எழுதுவோர் கிளைகளையும் கணக்குகளையும் எண்ணிக் காட்டுவார்கள். கடன் கேட்டுப் போனவரிடம் வங்கி எதைப் பிணையாகக் கேட்டது என்பதை எழுதுவது குறைவு. இந்த வரலாற்றின் சாரம் அதில்தான் இருப்பதாக எமக்குப் படுகிறது.

வெள்ளைக்காரர் காலத்து வங்கிகள் தோட்டங்களுக்கும் ஏற்றுமதிக்கும் உரியவை. செட்டிமார் அவற்றிடம் வாங்கி உள்ளூராருக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். அதற்கும் கீழே இருந்தவர்களுக்குக் கடைக்காரரின் கடன் கொப்பியும் அடைவுகடையும்தான் வங்கி. 1885இல் வந்த தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி ஏழையின் சதங்களை வாங்கிக்கொண்டது. கடன் கொடுக்கவில்லை.

முதல் மாற்றம் 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். ஜேர்மனியில் ரைபைசன் என்பவர் 1860களில் விவசாயிகளிடையே தொடங்கிய சங்கங்களின் வழிமுறை அது. இன்று ஜேர்மன் நகரங்களில் அவர் பெயர் தாங்கிய வங்கிகளைத் தாண்டி வேலைக்குப் போகும் எம்மவர் பலர், ஊரிலிருந்த ஐக்கிய நாணய சங்கமும் அதே வேரில் முளைத்தது என்பதை அறியமாட்டார்கள். இச்சங்கங்களில் மனிதர்களே பிணை. ஒருவர் கட்டத் தவறினால் மற்ற அங்கத்தவர்கள் எல்லையில்லாமல் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே கடன் கேட்பவரை அறிந்தவர்களே முடிவெடுத்தார்கள். ஆனால் எமது ஊர்களில் அந்த அறிமுகம் சாதியின் வேலியைத் தாண்டியதல்ல. காணியில்லாத கூலித் தொழிலாளிக்காக யார் கையெழுத்து வைப்பார்?

1934இல் பொச்கானவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழுவைத் தொடர்ந்து 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1961இல் அமைச்சர் ரி. பி. இலங்கரத்னவின் முயற்சியில் மக்கள் வங்கி திறக்கப்பட்டது. 1964இலிருந்து கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் வந்தன. வங்கி இப்போது உண்மையாகவே சந்திக்கு வந்தது. ஆனால் ஏழைக்கு அது இலகுவாகக் கொடுத்தது நகைக்கடனையே. அடைவுகடையைவிட வட்டி குறைவு, நகைக்கும் பாதுகாப்பு. அது சிறிய நன்மையல்ல. ஆயினும் தராசில் வைக்கப்பட்டது வீட்டுப் பெண்ணின் தாலிக்கொடி. விதை வெங்காயத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் அவளே பிணை நின்றாள். அடைவுத் துண்டு அலுமாரியில் கிடந்தது.

1989இல் பிரேமதாசவின் ஜனசவிய மாதம் 2,500 ரூபா என்றது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. 1,042 ரூபா சேமிப்பு. இரண்டு வருடத்தில் 25,000 ரூபா முதலாகும் என்பது கணக்கு. 1995இல் வந்த சமுர்த்தியும் உதவிப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாகச் சேமிக்க வைத்தது. ஐந்து பேர் கொண்ட குழுவைப் பிணையாக்கியது. மனிதப் பிணை திரும்பி வந்தது.

2009க்குப் பின் தனியார் நிதி நிறுவனங்களும் குழுப்பிணையோடு வடக்கு கிழக்குக்கு வந்தன. நகையும் போரில் போய்விட்ட பெண்கள் அயலவரை நம்பிக் கையெழுத்து வைத்தார்கள். கிழமைக்குக் கிழமை ஆட்கள் வீட்டுவாசலில் நின்றார்கள். 2018இல் 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி வங்கிக் கணக்கினூடாகவே கிடைக்கிறது. இனி ஏழையிடம் கணக்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தங்கமும் காணியும் இல்லாத ஒருத்தி கடன் கேட்டுப் போனால், அவளுக்காக இன்றும் இன்னொரு ஏழைதான் பிணை நிற்கிறாள்.